வெட்டலாமா, வேண்டாமா?

(கடந்த மாதம் நமது சமூகக் கூடத்தில் நடந்த சனிக்கிழமைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் இங்கே தருகிறோம்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டதும், நாமினேஷன் பற்றியோ சீனியர் சிட்டிசன் டெபாசிட் பற்றியோதான் இருக்கும் என்று நினைத்தேன். 36 வருடம் பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்தவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? "அதெல்லாம் இன்னொரு நாள் சார். நம்ம நூலக அலமாரியில வைக்கிறீங்களே, அந்த புக்மார்க், அதைப் பத்திச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓவியன் இல்லை. பி.காம். படித்தவன். நேர்க்கோடு போட எனக்கு இன்றைக்கும் ஸ்கேல் வேண்டும்.

இது ஆரம்பித்ததே ஒரு எரிச்சலில்தான். லிஃப்ட் பக்கத்து நூலக அலமாரியை நான் கவனித்துக்கொள்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். திரும்பி வரும் புத்தகங்களுக்குள் என்னென்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பஸ் டிக்கெட், ஹேர்பின், ஒரு தடவை வெற்றிலைக் காம்பு. ஒரு தடவை 100 ரூபாய் நோட்டு; உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. எதுவும் கிடைக்காதவர்கள் பக்கத்தின் மூலையை மடித்துவிடுகிறார்கள். நாம் சின்ன வயதில் புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்தோம், அது குட்டி போடும் என்று நம்பி தினமும் திறந்து பார்த்தோம். அந்த மரியாதை எங்கே, இந்த ஹேர்பின் எங்கே!

எங்கள் பேங்கில் பழைய லெட்ஜர்களில் முக்கியமான பக்கங்களுக்கு நாங்கள் சீட்டு நறுக்கி ஒட்டி வைப்போம். கோந்து பாட்டில், குண்டூசி டப்பா, வவுச்சர் கட்டைத் தைக்கிற பெரிய ஊசி, நூல். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கிளார்க் வேலையில் பாதி தையல் வேலை. அதனால் தாளை நறுக்குவதும் ஒட்டுவதும் எனக்குப் புதிதில்லை. முதலில் பழைய காலண்டர் படங்களை நறுக்கினேன். அது பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. அப்புறம்தான் கையால் வரைந்த படங்களின் பக்கம் போனேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு இருக்கிறது. பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்து வரைந்தவை, டிராயிங் கிளாஸ் தாள்கள், போட்டிக்கு வரைந்து பரிசு கிடைக்காதவை, கோடை விடுமுறையில் ஆரம்பித்துப் பாதியில் விட்டவை. தூக்கிப் போட மனசு வராது. ஃபிரேம் போடும் அளவுக்கும் இருக்காது. பரணில் கிடக்கும். வீடு மாறும்போது ஒரு நாள் மொத்தமாகப் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

அந்தத் தாளில் முழுப்படமாகப் பார்த்தால் ஒன்றும் இல்லாதது, ஒரு சின்னத் துண்டில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. பழைய அட்டை ஒன்றில் 5 சென்டிமீட்டர் அகலம், 14.5 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் படத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். நேராக, குறுக்காக, சாய்வாக. குழந்தை வரைந்த யானை யானை மாதிரியே இருக்காது. ஆனால் ஜன்னல் வழியாக அதன் வயிற்றுப் பக்கம் கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்த சாம்பல் நிறம் தெரியும் பாருங்கள், மழைக்கு முந்தின வானம் மாதிரி இருக்கும். கலர் வெளியே போய்விட்டது என்று டீச்சர் சிவப்பு மையில் சுழித்த இடமும் நன்றாக இருக்கும், அந்தச் சிவப்புச் சுழியோடு சேர்த்தே.

அது ஏன் 14.5 என்று கேட்பீர்கள். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர். 15 வைத்து வெட்டினால் நீளவாக்கில் இரண்டு வராது, 3 மில்லிமீட்டர் உதைக்கும். அரை சென்டிமீட்டர் குறைத்தால் ஒரு தாளில் எட்டு அட்டை. இந்தக் கணக்குப் போட்ட அன்றைக்கு எனக்கு பாலன்ஸ் ஷீட் டேலி ஆன சந்தோஷம்.

ஒரே படத்திலிருந்து நீளமாக ஒரு துண்டு வெட்டிவிட்டால் அது வெறும் நறுக்கல். இரண்டு மூன்று படங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால்தான் கொலாஜ். பிரெஞ்சு மொழியில் 'ஒட்டுவது' என்பதிலிருந்து வந்த பெயர். ஒருவர் வரைந்த கடல், இன்னொருவர் வரைந்த வேலி, மூன்றாவது பிள்ளை தூரிகையைத் துடைத்த கிழிசல். மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள். தடித்தால் புத்தகத்தின் முதுகு விட்டுப்போகும். ஜிகினா, குந்தன் கல், பட்டன், வேண்டவே வேண்டாம். லாமினேஷனும் வேண்டாம் என்பேன். டீச்சரம்மா முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. நீங்கள் செய்ததெல்லாம் லாமினேட் பண்ணினது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் தாளைப் பிளாஸ்டிக்குக்குள் போட்டால் விரல் பட வேண்டியது படாமல் போகிறது. நாளைக்குக் குப்பையில் போட்டாலும் அது பேப்பருமில்லை, பிளாஸ்டிக்குமில்லை.

அடியட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையை விடச் சிறந்தது இல்லை. நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமும் இல்லை. முதல் பக்கத்தில் பிள்ளையாரோ பெருமாளோ இருப்பார், வெட்டக் கை கூசும். நான் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து முழுசாக வைத்துவிடுவேன். பெயரும் போன் நம்பரும் இருக்கிற பக்கத்தை உள்பக்கமாக்கி ஒட்டிவிடுங்கள். தினசரிக் காலண்டரின் அட்டையில் செய்து பார்த்தேன். ரொம்பத் தடிமன், சரிப்படவில்லை.

ஒட்டுவதில்தான் நான் நிறைய நஷ்டப்பட்டிருக்கிறேன். முதல் முறை ஃபெவிகாலைத் தாராளமாக ஊற்றினேன். காலையில் பார்த்தால் பத்து அட்டையும் அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடந்தன. பசையில் இருக்கிற தண்ணீரைத் தாள் குடித்து விரிகிறது, காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, பசையை மெல்லிசாகத் தடவுவது. காலாவதியான டெபிட் கார்டைப் பாதியாக வெட்டி அதன் விளிம்பால் ஓரம் வரைக்கும் இழுத்துவிடுங்கள். இரண்டு, அட்டையின் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டுவது. முன்பக்கம் ஒரு இழுப்பு என்றால் பின்பக்கமும் அதே இழுப்பு, அட்டை நேராக நிற்கும். டெபிட்டும் கிரெடிட்டும் சமமாக இருந்தால் கணக்கு நிற்கிற மாதிரிதான். பிறகு மேலும் கீழும் பிளாஸ்டிக் கவர் போட்டு, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். என்னுடைய பேங்க் பரீட்சைப் புத்தகங்கள் இத்தனை வருடம் கழித்து இதற்குத்தான் உபயோகமாகின்றன.

வாட்டர் கலர், போஸ்டர் கலர் படங்களின் மேல்பக்கம் பசை படக்கூடாது, கலர் கரைந்துவிடும். அதற்குக் குச்சிப் பசை நல்லது. மெழுகுக் கிரேயானின் மேல் எதுவுமே ஒட்டாது, அதனால் அந்தத் துண்டை எப்போதும் மேலே வையுங்கள். அது புத்தகத்தில் ஈஷாமல் இருக்க, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து லேசான சூட்டில் ஒருமுறை இஸ்திரி போட்டால் அதிகப்படி மெழுகு தாளில் இறங்கிவிடும். மூலைகளை ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு வளைத்து வெட்டுங்கள். மேலே ஒரு துளை, அதில் எம்பிராய்டரி நூலில் ஒரு குஞ்சம். தீர்ந்தது.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலை என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு மேரி டெலானி என்ற ஆங்கிலேய அம்மையாரைச் சொல்வேன். 1700இல் பிறந்தவர். கணவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 72 வயதில், கத்தரியும் கலர் தாளும் எடுத்தார். சிவப்புத் தாள் துண்டு ஒன்றின் நிறமும் மேசை மேலிருந்த ஜெரேனியம் பூவின் நிறமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாராம். இதழ் இதழாக நறுக்கிக் கறுப்புத் தாளில் ஒட்டி, பத்து வருடத்தில் 985 பூக்கள் செய்தார். கண் பார்வை மங்கியதும்தான் நிறுத்தினார். அவை இன்றைக்கும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இணையத்தில் பார்க்கலாம், பாருங்கள். ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள். எனக்கு 66 வயதுதான் ஆகிறது.

இதுவரைக்கும் சொன்னது யூடியூபிலும் கிடைக்கும். நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும்.

நம் குடியிருப்பில் பொங்கலுக்குக் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். பரிசுப் படங்களை மாட்டிவிட்டு மீதியை அலுவலக அறை மூலையில் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் கிடந்தது. யாரும் கேட்கவில்லை. நான் அள்ளிக்கொண்டு போய் நாற்பது அட்டை செய்து, புத்தகத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஏகப்பட்ட கைதட்டல். நாலாவது நாள் சாயங்காலம் பி பிளாக்கிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்து கதவைத் தட்டியது. மூன்றாம் வகுப்பு. கையில் ஒரு புக்மார்க்.

"தாத்தா, இது நீங்க செஞ்சதா?"

பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து, "ஆமாம் கண்ணு" என்றேன்.

"இது என் வீடு. கதவு எங்கே?"

பார்த்தேன். ஓட்டு வீடு, ஒரு ஜன்னல், பாதிச் சுவர். அதோடு என் கத்தரி நின்றிருந்தது. கதவு இருந்த பாதி வேறொரு அட்டையில், யாரோ வரைந்த கரும்புக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அட்டை ஐந்தாவது மாடிக்குப் போன சமையல் புத்தகத்துக்குள் இருந்தது. இரண்டு பேரும் போய் வாங்கி வந்தோம். சேர்த்து ஒட்டித் தருகிறேன் என்றேன். "ஒட்டினாலும் கோடு தெரியும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒரு சாக்லேட்டில் சமாதானம் பண்ணியிருப்பேன்.

டெல்லராக உட்கார்ந்த வருடங்களில் கையெழுத்தைச் சரிபார்க்காமல் ஒரு செக்குக்கும் நான் பணம் கொடுத்ததில்லை. இங்கே நாற்பது தாளையும் ஒரு கையெழுத்தும் வாங்காமல் வெட்டியிருக்கிறேன். குப்பை மாதிரிக் கிடந்தது என்பது ஒரு பதிலா? யாரும் வந்து கேட்காத கணக்கு என்பதால் அது பேங்கின் பணம் ஆகிவிடுமா?

ஒரு வாரம் கழித்து அவளே வந்தாள். டிராயிங் நோட்டுத் தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து எடுத்து வந்திருந்தாள். "இதை வெட்டலாம். இதை வெட்டக்கூடாது." தனியாக ஒரு தாளைக் காட்டி, "இதுல மேகத்தை மட்டும் வெட்டலாம்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு இதுதான் நடைமுறை. வரைந்தவரைக் கேட்காமல் வெட்டுவதில்லை. வெட்டுவதற்கு முன்னால் முழுப்படத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்வேன். அட்டையின் பின்னால் யார் வரைந்தது, எந்த வருடம் என்று எழுதுவேன். மூன்றரை வயதுப் பிள்ளையாக இருந்தாலும் கேட்பேன். அவர்கள் ரொம்பத் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள். அம்மா அப்பாக்கள்தான் "எல்லாத்தையும் எடுத்துக்கோங்க அங்கிள்" என்கிறார்கள்.

சரி, வரைந்தவரைக் கேட்க முடியாவிட்டால்?

என் மனைவியை உங்களில் பலருக்குத் தெரியும். மகள் கல்யாணம் ஆகிப் போன பிறகு, 54 வயதில் வாட்டர் கலர் போட ஆரம்பித்தாள். யூடியூபைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். பால்கனியில் உட்கார்ந்து எதிர் மனையில் இருந்த வேப்பமரத்தையே திரும்பத் திரும்பப் போட்டாள். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், தினமும் காலை ஆறு மணிக்கு டிரில்லிங் சத்தத்தோடு எழுந்திருக்கிறோம். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. அறுபது தாளுக்கு மேல் இருந்தன. இரண்டை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். மீதி பரணில். போன மழையில் பரணில் ஈரம் இறங்கி, ஃபைலின் அடித்தாள்கள் ஓரமெல்லாம் கறை பிடித்துவிட்டன. என் அக்கா, "வெச்சு வெச்சுப் பூஞ்சை பிடிக்க விடாதே, எடுத்துப் போடு" என்றாள். மகள், "அப்பா, ஒண்ணையும் தொடாதீங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் லீ கிராஸ்னர் என்ற அமெரிக்க ஓவியரைப் பற்றிப் படித்தேன். ஜாக்சன் பொலாக்கின் மனைவி. 1953 வாக்கில், தன் ஸ்டுடியோ சுவர் நிறைய மாட்டியிருந்த தன்னுடைய படங்களையே பிடிக்காமல் எல்லாவற்றையும் கிழித்துத் தரையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். சில வாரம் கழித்து வந்து பார்த்தால், அந்தக் கிழிசல் குவியல் அவருக்குப் பிடித்துவிட்டது. அதை வைத்தே பெரிய பெரிய கொலாஜ்கள் செய்து 1955இல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தார். கணவர் வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களின் துண்டுகளையும் அவற்றில் சேர்த்திருக்கிறார். மறுபடி 1976இல், 68 வயதை ஒட்டி, மாணவியாக இருந்தபோது போட்ட பழைய கரித்துண்டுப் படங்களை எடுத்து, இந்த முறை கத்தரியால் வெட்டினார்.

எனக்கு அதில் ஒரு வார்த்தை மாட்டிக்கொண்டது. ஒதுக்கிய படங்கள். அவர்களே வேண்டாம் என்றவை.

பரணிலிருந்து ஃபைலை இறக்கி ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு பழக்கம். படம் முடிந்ததும் பின்னால் பென்சிலில் தேதி போடுவாள். சிலவற்றில் தேதிக்குப் பக்கத்தில் 'சரியில்லை' என்று எழுதியிருந்தாள். ஒன்றில், 'வானம் சரியில்லை.' இன்னொன்றில், 'மறுபடியும் வானம்.' எண்ணினால் பதினொன்று. இதற்கு மேல் எனக்கு என்ன கையெழுத்து வேண்டும்?

ஆனாலும் தனியாக முடிவெடுக்க வேண்டாம் என்று மகளை வீடியோ காலில் கூப்பிட்டுப் பதினொன்றையும் முன்னும் பின்னும் காட்டினேன். இரண்டு மணி நேரம் ஆனது, பாதி நேரம் நாங்கள் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பத்துக்குச் சரி என்றாள். ஒன்றுக்கு மாட்டேன் என்றாள். "அம்மாதானே சரியில்லைன்னு எழுதியிருக்கா" என்றேன். "அம்மாவுக்குச் சரியில்லை, எனக்குச் சரியா இருக்கு" என்றாள். அதை எடுத்து வைத்துவிட்டேன்.

மீதிப் பத்தின் மேலும் ஜன்னல் அட்டையை நகர்த்தினேன். வானம் நிஜமாகவே சரியில்லை, அவள் சொன்னது சரிதான். ஆனால் அவளும் நானும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மரத்தடியைக் கவனிக்கவில்லை. ஒரு படத்தில் மரத்தடியில் சைக்கிள் ஒன்று சாய்ந்திருக்கிறது. இன்னொன்றில் பையோடு ஒரு ஆள் நிற்கிறார். தூரிகையால் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். அது நானா என்று தெரியவில்லை. ஷேர் ஆட்டோ அங்கேதான் நிற்கும், பையோடு நிற்பவர்கள் நிறையப் பேர். அன்றைக்குக் கத்தரியை எடுக்க முடியவில்லை. மூன்று நாள் கழித்து வெட்டினேன்.

அவள் வாங்கியது தடித்த வாட்டர் கலர் தாள், 300 ஜி.எஸ்.எம். அதற்கு அடியட்டை தேவையில்லை. பின்பக்கமும் எதையும் ஒட்டவில்லை, பென்சில் எழுத்து தெரியட்டும் என்று. வானம் வந்த இடத்தில் மட்டும், வீட்டில் எழுதாமல் கிடந்த பழைய இன்லேண்ட் லெட்டரின் நீலத்தைக் கையால் கிழித்து ஒட்டினேன். கிழித்த விளிம்பில் வெள்ளை தெரியும், மேகம் மாதிரி.

கறை பிடித்த இடம் போக மொத்தம் 31 அட்டை வந்தது. மகளுக்கு 12. என் அக்காவுக்கு 4. வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளோடு காலையில் நடக்கப் போன தோழிகளுக்கு 8. நம் நூலக அலமாரியில் 6. எந்தப் புத்தகங்களில் என்று சொல்ல மாட்டேன், எடுத்துப் படியுங்கள். பின்னால் பென்சில் எழுத்து இருந்தால் அதுதான். ஆக முப்பது. பையோடு நிற்கிற ஆள் என்னிடம் இருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு இதே கூடத்தில் செய்து பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை, குச்சிப் பசை, பழைய டெபிட் கார்டு கொண்டு வாருங்கள். சிப் இருக்கிற பகுதியையும் நம்பரையும் வீட்டிலேயே துண்டு துண்டாக வெட்டிவிட்டு மீதியை மட்டும். கத்தரி என்னிடம் நான்கு இருக்கிறது. பிள்ளைகளின் படம் கொண்டு வருபவர்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பி பிளாக் குழந்தை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கதவில்லாத வீட்டை அவள் இன்னும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை, அதையும் எடுத்து வருகிறேன்.

டீ வந்துவிட்டது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார்.